கிணற்றடிச் சுவர்

ஜப்பான் விமானங்கள் துறைமுகத்தில் குண்டு போட்டபோது, ஊரோடு ஊராக நாங்களும் கந்தளாய்க்கு ஓடினோம். அப்போது எங்களுக்குக் கலியாணமாகி ஐந்து மாதம்கூட ஆகவில்லை. அமளி அடங்கித் திரும்பி வந்தபோது வீடு அப்படியே இருந்தது. கிணற்றடியைச் சுற்றியிருந்த தென்னோலைக் கிடுகு வேலியைத்தான் ஆடுகளும் காற்றுமாகச் சேர்ந்து முடித்திருந்தன. புதுக் கிடுகு எங்கும் கிடைக்கவில்லை. வீதியிலோ நாள் முழுக்கத் துறைமுகத்துக்குப் போகும் பட்டாள லொறிகள். லொறியின் மேல் நிற்பவர்களுக்கு எங்கள் கிணற்றடி அச்சொட்டாகத் தெரியும். சத்தம் கேட்டதும் வாளியைப் போட்டுவிட்டு, சவர்க்கார நுரையோடு குசினிக்குள் ஓடுவேன். ஒரு குளிப்புக்கு நாலு ஓட்டம்.

என் கணவர் துறைமுகக் களஞ்சியத்தில் கிளாக்கர். பதுங்கு அறைகள் கட்ட அங்கே சீமெந்துக் கற்கள் வார்த்தார்கள். மூலை உடைந்தவற்றை ஒரு பக்கமாகக் குவித்திருந்தார்கள். வெள்ளைக்காரத் துரையிடம் கேட்டு, கிணற்றடிக்குச் சுவர் கட்டவென்று அவற்றை மாட்டுக் கரத்தையில் ஏற்றிவந்து முற்றத்தில் இறக்கினார்.

"மேசனுக்குச் சொல்லியனுப்பட்டோ?" என்று கேட்டேன்.

"மேசன்மார் எல்லாரும் இப்ப துறைமுகத்திலதான். நானே கட்டுவன். கல்லுக்கு மேல கல்லு வைக்கிறதுக்கு என்ன படிப்பு?"

பேனையைத் தவிர வேறொன்றும் பிடித்தறியாத கை அது. சீமெந்து கிடையாததால் சுண்ணாம்பும் மணலும் குழைத்தார். வாசலுக்கு அளவெடுக்க என்னைக் கூப்பிட்டு நிற்க வைத்து, இரண்டு பக்கமும் ஒவ்வொரு கல்லை வைத்தார்.

"இவ்வளவு காணும். அகலமா விட்டா மறைப்பெண்டு ஏன் கட்டுறது?"

வேலை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான். ஒரு ஞாயிறு ஒரு வரிசை வைப்பார். அடுத்த ஞாயிறு கதிரையைப் போட்டு உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். சுவர் என் தலைக்கு மேல் உயர்ந்தபோது எனக்கு ஏழு மாதம்.

"வாரும், முதல் குளிப்பு உம்முடையது" என்றார்.

வாசலால் நேராக நுழையப் பார்த்தேன், முடியவில்லை. பக்கவாட்டில் திரும்பினேன், அது இன்னும் மோசம். அவர் நாடியைத் தடவி யோசித்தார்.

"கொஞ்சம் மூச்சை உள்ளுக்கு எடுத்துப் பாரும்."

"மூச்சை எடுக்கலாம். பிள்ளையை எங்கை எடுக்கிறது?"

பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா, நான் ராத்தா என்று கூப்பிடுபவர், கிண்ணியாவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர், வேலிக்கு அப்பால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"இன்னும் ரெண்டு மாதம்தானே, பொறுத்துக்கொள்ளும்" என்றார் என் கணவர். அதுதான் எனக்குக் கோபம்.

திங்கட்கிழமை அவர் வேலைக்குப் போனதும் அலவாங்குக் கம்பியை எடுத்தேன். வாசலோரம் ஒரேயொரு கல்லைக் கழற்றுவதுதான் என் எண்ணம். உள்ளே குத்தி ஒரு நெம்பு. அந்தக் கல் வந்தது. அதற்கு மேலிருந்தது தொடர்ந்தது. பிறகு அந்தப் பக்கச் சுவர் முழுவதும் அவசரமில்லாமல் அப்பால் சாய்ந்து, வாழைப் பாத்திக்குள் படுத்துக்கொண்டது.

ராத்தா ஓடி வந்தார். "புள்ள, ஒண்டுமில்லையே?"

"எனக்கு ஒண்டுமில்லை ராத்தா. சுவருக்குத்தான்."

 விழுந்து கிடந்ததை உற்றுப் பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை கற்களின் பொருத்துகள் எல்லாம் ஒரே கோட்டில் இருந்தன. கந்தோரில் பேரேடுகளை அடுக்குகிற மாதிரி அடுக்கியிருக்கிறார். சந்தைப் பக்கம் பட்டாளத்தார் கட்டிய பதுங்கு அறையில், கீழ்க் கல்லின் நடுவில்தான் மேல் பொருத்து வந்திருந்தது. போகும்போதும் வரும்போதும் பார்த்திருக்கிறேன்.

பின்னேரம் வேலையால் வந்தவர் வாழைப் பாத்தியருகே நெடுநேரம் நின்றார். நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.

"அப்ப என்ர சாந்துதான் பிழை" என்றார்.

"சாந்தும் பிழை, அடுக்கும் பிழை."

 "எங்கை, எப்படியெண்டு காட்டும் பாப்பம்" என்று ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

அடுத்த ஞாயிறு கதிரை எனக்கு. நான் சொல்லச் சொல்ல அவர் வைத்தார். நாலாவது வரிசையில் பொறுக்க ஏலாமல் எழும்பிப்போய், சாந்துக் கரண்டியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். சாந்து குழைப்பதில் மனிதர் கெட்டிக்காரராகிவிட்டார். வாசலுக்கு இந்த முறை என்னை நிறுத்தவில்லை; அலுமாரியையே அளந்துவிட்டு வந்தார்.

மூன்று ஞாயிறில் சுவர் எழும்பியது. ராத்தா வந்து கையால் தள்ளிப் பார்த்தார். தோளாலும் தள்ளிப் பார்த்தார்.

"எனக்கும் ஒண்டு கட்டித் தா புள்ள. உன்ட மாப்புள வேணாம், நீ வா."

மகள் பிறந்து மூன்று மாதம் கழித்து ராத்தாவின் சுவரைக் கட்டப் போனேன். என் கணவர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, வேலிக்கு இப்பால் நின்று எங்கே எந்தக் கல் வரவேண்டும் என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். ராத்தாவும் நானும் எங்கள் பாட்டில் வேலையைப் பார்த்தோம்.