நான்கு ஞாயிறும் இரண்டு ஸ்கேனரும்

குறிப்பேட்டில் அவற்றைச் சிவப்பு, நீலம் என்றுதான் எழுதினேன். உண்மையில் இரண்டுமே, பிறர் வானலையில் பேசுவதைத் தேடிப் பிடிக்கும் கறுப்பு ஸ்கேனர் பெட்டிகள். கைக்குள் அடங்கும் அளவு, உச்சியில் குட்டை ஆன்டெனா. வானலைகளைத் துழாவிக் கேட்பதை என்னைப் போலவே பொழுதுபோக்காகக் கொண்ட ஈப்போக்காரர்கள் இருவரிடம் ஒரு மாதத்துக்கு இரவல் வாங்கியவை. முதுகில் நான் ஒட்டிய நாடாவின் நிறமே பெயராகிவிட்டது.

இரவல் எனக்காக அல்ல, சுங்கை சிப்புட்டில் இருக்கும் நண்பருக்காக. பல வருடம் லோரி ஓட்டியவர். முழங்கால் கெட்டபின் வீட்டோடு இருக்கிறார். அவருடைய பழைய ஸ்கேனர் இன்னும் நன்றாகத்தான் வேலை செய்கிறது. ஆனால் பேசுகிறவர்கள் ஒவ்வொருவராக டிஜிட்டலுக்குப் போய்விட்டதால், அதில் இப்போது ரம்பம் அறுக்கிற மாதிரி இரைச்சல்தான் வருகிறது. புதிதாக ஒன்றே ஒன்று வாங்கப் போகிறார். பகல் முழுக்க அவருக்கு அதுதான் துணை.

"நீங்க எதச் சொல்றீங்களோ அதான் அண்ணே. நான் பெட்டிய பாக்க மாட்டேன், உங்க புக்கத்தான் பாப்பேன்" என்றார்.

அந்தக் குறிப்புப் புத்தகத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. அவர் லோரி ஓட்டிய காலத்தில், கேமரன் மலைச்சாலை ஏறுவதற்கு முன் சிம்பாங் பூலாயில் வண்டியை நிறுத்துவார். ஜெலாப்பாங்கில் என் வீட்டிலிருந்து நான் மோட்டார்சைக்கிளில் போய்ச் சேருவேன். ஒரே ஸ்கேனர்தான். அதை மாறி மாறிக் காதில் வைத்துக்கொள்வோம். டாக்சிகளுக்கு முகவரி சொல்லும் ஒரு பெண்ணின் குரல், கல்மலையில் வெடி வைக்குமுன் ஒருவரையொருவர் எச்சரிக்கும் ஆட்கள், ஈப்போவில் இறங்க வரும் விமானம். கேட்டதையெல்லாம் தேதி, மணி, அலைவரிசை, வானிலையோடு எழுதி, குரலின் தெளிவுக்கு ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவேன். கடையில் ஒரு கிளாஸ் தே குடித்து முடிப்பதற்குள் ஒரு பக்கம் நிரம்பிவிடும். இன்றும் அந்தப் பக்கங்களைத் திறந்தால் டீசல் வாசனை வருகிற மாதிரி இருக்கும்.

ஸ்கேனர்களைச் சோதிக்க அவர் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மேட்டைத் தேர்ந்தெடுத்தேன். முன்பு ரப்பர் தோட்டம், இப்போது செம்பனை. தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டி நின்ற சிமெண்டு மேடை மட்டும் மிச்சம். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அமெச்சூர் வானொலிக்காரர்கள் டிஜிட்டல் அலைவரிசையில், வகுப்பில் மாதிரி ஒவ்வொருவராக வருகை சொல்வார்கள். வாரா வாரம் ஏறக்குறைய அதே குரல்கள், கிட்டத்திலிருந்து சில, தூரத்திலிருந்து சில. ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

ஒழுங்காகச் செய்தேன் என்றுதான் நினைத்தேன். இரண்டிலும் முழுதாகச் சார்ஜ் செய்த பேட்டரி. வாரம் ஒருமுறை ஆன்டெனாவை இதிலிருந்து அதற்கு மாற்றினேன். ஒலி அளவு ஒரே எண்ணில். இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்க, சிவப்பின் இயர்போனை வலது காதிலும் நீலத்தினுடையதை இடது காதிலும் செருகிக்கொண்டேன். குறிப்புகள் குழம்பக் கூடாது என்று அதை மட்டும் முதல் வாரமே நிலையாக வைத்துவிட்டேன்.

சிவப்பின் பொத்தான்கள் பெரியவை, வெயிலிலும் திரை தெரியும். ஆனால் புதிய அலைவரிசை சேர்க்க வேண்டுமானால் கணினியைத் தேட வேண்டும். ஜெலாப்பாங் பக்கம் கொண்டுபோனால், பக்கத்துத் தொலைத்தொடர்புக் கோபுரங்களின் அலை புகுந்து திணறும். நீலம் அங்கே அசையவில்லை. ஆனால் பேச்சின் முதல் எழுத்தை விழுங்கிவிடும், திரையும் சிறியது. இதெல்லாம் சில்லறை. நான்கு வாரமும் நீலத்துக்கு நேரே நான் எழுதியது, 'குரல் மங்கல்'. சிவப்புக்கு நாலரை, நீலத்துக்கு இரண்டரை.

நான்காம் ஞாயிறு, மெல்ல மேடேறி வந்த நண்பரிடம் புத்தகத்தை நீட்டினேன். அவர் படித்துவிட்டு இரண்டு இயர்போன்களையும் வாங்கி, மாறி மாறித் தன் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, பழையபடி என் காதுகளிலேயே செருகினார்.

"இதுக்கா ரெண்டர? எனக்கு ரெண்டும் சாமா லா, ஒரே மாதிரிதான். சொல்லப்போனா நீலந்தான் கணீர்னு இருக்கு."

"நாலு வாரம் எழுதியிருக்கேன் தம்பி. நீங்க இப்பத்தான் ஒரு நிமிஷம் கேட்டீங்க."

"அண்ணே, டிஜிட்டல்ல குரல் வந்தா வரும், இல்லன்னா ஒடஞ்சு கரகரன்னு போவும். தேயாதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான். நீங்க எழுதியிருக்கறது ஒடஞ்சதுன்னு இல்ல, மங்கல்னு."

சொல்லிக்கொண்டே அவர் என் காதுகளிலிருந்த இயர்போன்களைக் கழற்றி இடம் மாற்றிச் செருகினார். தூரத்திலிருந்து ஒருவர் வருகை சொல்லிக்கொண்டிருந்தார். வலது காதில் நீலம் மணியாகப் பேசியது. சிவப்பு எங்கோ கதவுக்குப் பின்னால் முணுமுணுத்தது.

"மறுபடி மாத்துங்க" என்றேன். மாற்றினார். மூன்று முறை மாற்றச் சொன்னேன்.

"ஆன்டெனாவ மாத்துனீங்க, பேட்டரிய பாத்தீங்க" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "காத விட்டுட்டீங்களே அண்ணே."

வீட்டுக்கு வந்து பழைய குறிப்பேடுகளை எடுத்தேன். வலது கையால் எழுதுகிறவன் நான். ஸ்கேனரை எப்போதும் இடது கையில், இடது காதில்தான் பிடித்திருக்கிறேன். மூன்றாவது குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்களிலிருந்து 'குறைகிறது', 'இன்னும் குறைகிறது' என்று வருகிறது. டிஜிட்டல் வருமுன் இருந்த பழைய ஒலிபரப்பில் குரல் நிஜமாகவே தேயும் என்பதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. வானம் காலியாகிறது என்று பலரிடம் வருத்தமாகச் சொல்லியிருக்கிறேன். அதில் எவ்வளவு வானம், எவ்வளவு என் காது?

நண்பருக்குப் போன் போட்டேன், வலது காதில்.

"அந்த டாக்சிக்கார அக்கா குரல் நெசமாவே போச்சா?"

"அது போச்சு அண்ணே. ஆபீசயே மூடிட்டாங்க இல்ல?"

"கல்மலைக்காரங்க?"

கொஞ்சம் யோசித்தார். "இல்லயே. அவங்க கடைசி வரைக்கும் காதுல அறையற மாதிரிதான் இருந்தாங்க. நீங்க கொறையுது கொறையுதுன்னு சொன்னீங்க. படிச்சவரு சொல்றாருன்னு நானும் தலையாட்டிட்டேன்."

பிறகு அவரே கேட்டார்: "அப்ப நான் எத வாங்கட்டும்?"

என் நான்கு வாரக் கணக்கு செல்லாது, நீங்களே கேட்டு மதிப்பெண் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன் என்றேன். பெட்டிகளைத் திருப்பிக் கொடுக்க இன்னும் ஒரு ஞாயிறு தவணை வாங்கினேன். அந்தக் காலை அவர் சிமெண்டு மேடையில் கண்ணை மூடி உட்கார்ந்து, வாத்தியார் மாதிரி எண்களைச் சொன்னார். பாதியில் தானாகவே காது மாற்றிக்கொண்டார். நீலம்தான் ஜெயித்தது. எனக்குத் தோன்றியிராத ஒரு காரணமும் சொன்னார்: அதன் சிறிய திரையை அவர் பார்க்கவே போவதில்லை.

கடைசியாக வருகை சொன்னவர் வெகுதூரத்திலிருந்து பேசினார்.

"நீலத்துக்கு நாலு போடுங்க அண்ணே" என்றார் நண்பர்.

நீலத்தின் இயர்போன் ஜோடியில் அவர் எனக்குக் கொடுத்திருந்த மற்றொன்று என் இடது காதில் இருந்தது. அந்தக் குரல் எனக்குக் கேட்கவேயில்லை. நான்கு என்று எழுதினேன்.