கடலை உரிக்கும் சத்தம்

நான் எழுதிய கதை தேறியதா இல்லையா என்று எனக்குச் சொன்னது எந்தப் பத்திரிகை ஆசிரியரும் இல்லை, என் மாமியார்தான். அவர் திட்டினால் கதை தேறிவிட்டது. திட்டாவிட்டால் அடுப்பில் போட வேண்டியதுதான். இதைச் சொன்னால் இன்றைக்குச் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

அப்பாவுக்கு அரியலூர் ரயில்வே ஸ்டேஷனில் கூட்ஸ் குமாஸ்தா வேலை. என்னை எட்டாவது வரை படிக்க வைத்தார். பிறகு, பெரம்பலூரிலிருந்து வாலிகண்டபுரம் போகிற வழியில் ஒரு கிராமத்தில், நிலம் நீச்சு உள்ள குடும்பத்தில் கட்டிக் கொடுத்தார். யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். எழுதுவதற்குக் காகிதம் கிடைப்பது குதிரைக் கொம்பு. அப்பா ஆபீசில் கழித்துப் போட்ட பழைய தாள்களைச் சுருட்டிக் கொடுத்தனுப்புவார். முன்பக்கத்தில் ரயில்வே சமாசாரம் இருக்கும், பின்பக்கத்தில் நான் கதை எழுதுவேன்.

அந்தக் கதைகளில் என்னதான் இல்லை! வெள்ளம் வரும், பாம்பு கடிக்கும், ரயில் கவிழும். காதலித்தவள் கிணற்றில் விழுவாள், காதலித்தவன் பைத்தியமாவான். எல்லாவற்றையும் மதராசுக்கு அனுப்புவேன், போன வேகத்தில் திரும்பி வந்து சேரும். ஒரு தடவை மட்டும் யாரோ ஓரத்தில் பென்சிலால் கிறுக்கியிருந்தார்கள், சம்பவங்கள் நிறைய இருக்கின்றன, மனுஷர்களைத்தான் காணோம் என்று. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அத்தனை பேரைச் சாகடித்திருக்கிறேன், செத்தவர்கள் மனுஷர்கள் இல்லாமல் மாடுகளா? இரண்டு நாள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த வீட்டில் என் ஓரகத்தி இருந்தாள். மூத்தாரின் மனைவி, என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். அவள் கணவர், மழை பொய்த்த ஒரு வருஷம், கல்யாணமான புதிதிலேயே மலாய்க்குக் கப்பல் ஏறியவர். நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே போய்விட்டார், நான் அவரைப் பார்த்ததில்லை. ஜப்பான்காரன் அங்கே புகுந்த பிறகு அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. எனக்கும் அவளுக்கும் ஆரம்பத்தில் ஆகாது. பால் காய்ச்சுவதில் சண்டை, தலைக்கு ஊற்ற வெந்நீர் வைப்பதில் சண்டை. படித்த திமிர் என்று அவள் என்னைச் சொல்வாள். நான் சும்மா இருப்பேனா, படிக்காத திமிர் என்று அவளைச் சொல்வேன்.

எங்களைச் சேர்த்து வைத்தது கடலைதான். விதைக்கடலையைக் கையால்தான் உரிக்க வேண்டும். தட்டி உடைத்தால் பருப்பு பிளந்துவிடும், மேல்தோல் உரிந்தாலும் முளைக்காது. அதனால் விதைப்புக்கு முந்தின நாட்களில் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் தாழ்வாரத்தில் கடலையைக் குவித்து, எங்கள் இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார்த்தி வைத்துவிடுவார் மாமியார். அவர் உள்ளே தலைசாய்த்துப் படுத்திருப்பார். கண் மூடியிருக்கும், காது மட்டும் எங்கள் பக்கம். ஓடு உடையும் சத்தம் நின்றால் போதும், அங்கிருந்தே குரல் வரும். "கை என்ன வெளங்காம போச்சா?"

பேசாமல் உரித்தால் தூக்கம் வரும். வேறு வழியில்லாமல்தான் ஒரு நாள், திரும்பி வந்த கதை ஒன்றை அவளுக்குச் சொன்னேன். கணவன் கொடுமை தாங்காமல் ஒருத்தி கிணற்றில் விழுகிற கதை. நான் உருக உருகச் சொல்கிறேன், அவள் பாட்டுக்கு உரித்துக்கொண்டே இருக்கிறாள். முடிந்ததும் கேட்டாள், "அவ கெணத்துக்குப் போறப்ப அடுப்புல என்ன இருந்துச்சு?"

உலை கொதித்துக்கொண்டிருந்தது என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"போடி. உலையக் கொதிக்க வுட்டுட்டு எவளும் சாவப் போவ மாட்டா. புள்ளைங்களுக்கு வடிச்சு வச்சிட்டுத்தான் போவா."

எனக்கு எரிச்சலாக வந்தது. சாகப் போகிறவளுக்குச் சோறு ஒரு கேடா என்று கேட்டேன். அவள் அடுத்த கடலையை எடுத்து உடைத்தாள். ஆனால் அன்றைக்குப் பூராவும் அந்தப் பெண் என் தலைக்குள் சோறு வடித்துக்கொண்டே இருந்தாள். கஞ்சியை மாட்டுக்கு ஊற்றினாள். சோற்றை மூடி வைத்து, பூனை தள்ளாமல் இருக்க மேலே அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தாள். அதற்குப் பிறகு அவள் எப்படி நடந்து போனாள் என்பதை நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் அதைச் சொன்னேன். குழவியைத் தூக்கி வைக்கிற இடத்தில் ஓரகத்தியின் கை நின்றது. நானும் உரிப்பதை மறந்துவிட்டேன். உள்ளேயிருந்து மாமியார் போட்ட சத்தத்தில் கூரையிலிருந்த குருவி பறந்தது. ஐயோ, அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம்! அந்தத் திட்டை நான் பட்டுப் புடவை மாதிரி வாங்கிக்கொண்டேன்.

அதிலிருந்து எழுதியது எல்லாவற்றையும் அவளிடம்தான் முதலில் சொல்வேன். அவள் ஒன்றும் பெரிய ஞானி இல்லை. என் கதையில் வருகிற மாமியார்களுக்கெல்லாம் கண் அவிந்துபோக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்பாள். கெட்டவன் கடைசியில் செத்தே ஆக வேண்டும். இதற்காக நாங்கள் போட்ட சண்டையைப் பார்த்து ஊரே சிரித்தது. ஆனால் அவள் வாய் என்ன சொன்னாலும் நான் பார்த்தது கையைத்தான். கை ஓடிக்கொண்டே இருந்தால் அந்த இடத்தில் ஆள் இல்லை, என் சாமர்த்தியம்தான் இருக்கிறது. கை நின்றால் அங்கே ஓர் உயிர் வந்து உட்கார்ந்திருக்கிறது. இப்படியே எழுதி எழுதி இரண்டு கதைகள் அச்சிலும் வந்துவிட்டன.

யுத்தம் முடிந்தது. கப்பல்கள் வர ஆரம்பித்தன. ஆண்டிமடம் பக்கம் ஒருவர் மலாயிலிருந்து உயிரோடு திரும்பியிருக்கிறார் என்று கேள்விப்பட்டு மாமனாரும் என் கணவரும் போய் விசாரித்தார்கள். ஓரகத்தியின் கணவரை அவருக்குத் தெரிந்திருந்தது. ரயில் ரோடு போடுவதற்கென்று சயாம் காட்டுக்கு ஜப்பான்காரன் கொண்டுபோன கூட்டத்தில் அவரையும் ஏற்றினார்களாம். அதில் போனவர்களில் திரும்பியவர்கள் குறைவு, இவரை அதற்குப் பிறகு பார்க்கவில்லை என்றாராம். செத்தார் என்று சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை.

அந்த வருஷமே, கல்யாணத்துக்குக் காத்திருந்த என் நாத்தனாருக்கு உடையார்பாளையம் பக்கத்தில் வரன் கூடி வந்தது. அவர்கள் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்கள். மூத்த பிள்ளை இருக்கிறாரா இல்லையா என்று ஒரு முடிவு தெரிய வேண்டும். பாதி சாவு உள்ள வீட்டில் சம்பந்தம் செய்ய மாட்டார்கள். உடம்பு வந்து சேராதவருக்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழி உண்டு. வைக்கோலில் ஆள் செய்து, வேட்டி கட்டி, பாடையில் வைத்து எரித்துக் கருமாதி செய்துவிடுவார்கள். அன்றைக்கே மனைவியின் தாலியையும் கழற்றிவிடுவார்கள். மாமனார் நாள் பார்க்கக் கிளம்பினார்.

ஓரகத்தி ஒத்துக்கொள்ளவில்லை. சாப்பிடாமல் கிடந்தாள். பந்துக்கள் வந்து நல்லதனமாகவும் சொன்னார்கள், மிரட்டியும் பார்த்தார்கள், அசையவில்லை. அவள் சம்மதிக்காமல் கழுத்தில் கை வைக்க மாமனாருக்கும் மனசு வரவில்லை.

அது விதைக்கடலை உரிக்கிற சமயம். எல்லோரும் ஓய்ந்திருந்த ஒரு மத்தியானத்தில் அவளே வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"அவுங்க திரும்பி வந்துட்டாப்புல ஒரு கதை எழுதிட்டு வாடி. நான் கேக்கறேன். என் கை நின்னுச்சுன்னா, என்னைய வெட்டிப் போட்டாலும் இந்தத் தாலியக் கழட்ட வுட மாட்டேன்."

கோவிலில் பூப்போட்டுக் கேட்பார்களே, அப்படி என்னிடம் கேட்டாள். பாவி, என்னிடமா கேட்பாள்? கதை எழுதுகிறவளிடம் போய்ச் சாமியிடம் கேட்பதைக் கேட்டால் நான் எங்கே போவேன்! மாட்டேன் என்று சொல்லவும் முடியவில்லை.

எனக்குத் தெரிந்த வித்தை எல்லாவற்றையும் போட்டு எழுதினேன். அவரை அரியலூரில் ரயிலை விட்டு இறக்கினேன். பெட்ரோலுக்குப் பதில் கரி வாயுவில் ஓடுகிற பஸ்ஸில் பெரம்பலூர் வரை கொண்டுவந்தேன். ஜப்பான்காரன் அடித்ததில் ஒரு கால் கொஞ்சம் இழுத்தது. வாலிகண்டபுரம் கோபுரம் தெரிந்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். அதுவரைக்கும் நன்றாகத்தான் நடந்தார். வாசலில் கொண்டுவந்து நிறுத்தியதும் மனுஷர் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். ஏழெட்டுத் தாள் கிழித்தேன். கடைசியில் அவரை, நல்லா இருக்கியா என்று அவளிடம் கேட்க வைத்தேன்.

படிக்க ஆரம்பித்தேன். அவள் உரிக்க ஆரம்பித்தாள். ஸ்டேஷனில் கை நிற்கவில்லை. பஸ்ஸில் நிற்கவில்லை. கோபுரத்தடியில் நிறுத்தி நிதானமாகப் படித்தேன், நிற்கவில்லை. வாசலுக்கு வருகிறார், ஓடு உடைகிற சத்தம் மட்டும் கேட்கிறது. நான் அழுதால் அவள் நிறுத்துவாள் என்று ஓர் ஆசை எனக்கு. நல்லா இருக்கியா என்று படித்து முடித்தேன். அவள் ஒரு பருப்பை எடுத்துத் தோல் உரிந்திருக்கிறதா என்று பார்த்து, நல்லதோடு போட்டாள். மாமியாரிடமிருந்து சத்தமே வரவில்லை.

"இது யாரோ. அவுங்க இல்ல," என்றாள்.

அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன். நான் அவரைப் பார்த்ததில்லை, அதனால்தான் வரவில்லை, வாசலில் நின்று என்ன சொல்வார் என்று நீ சொல்லு, அப்படியே மாற்றி எழுதிவிடுகிறேன் என்று கெஞ்சினேன். எப்போதும் திருத்துவாளே, அப்படித் திருத்திவிடுவாள் என்று நம்பினேன்.

அவளும் யோசித்தாள். "வந்தா மொதல்ல மாட்டுக்கொட்டாய்க்குத்தான் போவாங்க. அப்புறம்..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். வாசலைப் பார்த்தாள்.

"கொரலு எப்படி இருக்கும்னே நெனப்புக்கு வரலடி. எனக்கே வரல."

எழுந்து முந்தானையில் ஒட்டியிருந்த ஓட்டுத் தூளை உதறினாள். நேரே மாமனாரிடம் போய், நாள் பார்த்துக்கொள்ளச் சொன்னாள்.

வாசலில்தான் ஆள் செய்தார்கள். வைக்கோலைத் திரித்துக் கைகால் கட்டி, பெட்டியிலிருந்த அவர் வேட்டியைச் சுற்றிக் கிடத்தினார்கள். பெண்கள் மாரடித்துக்கொண்டு அழுதோம். ஓரகத்தி அழவில்லை. பக்கத்தில் வந்து குனிந்து, தலையிலிருந்து கால் வரை அதைப் பார்த்தாள். நான் என் கதையைச் சொல்லும்போது பார்ப்பாளே, அதே பார்வை.

"இவ்வளவு ஒசரம் இல்ல," என்றாள்.

அழுகை சட்டென்று நின்றது. மாமனார் அரிவாளை வாங்கி, கால் பக்கத்து வைக்கோலை ஒரு சாண் அறுத்தெடுத்தார். அவள் சரி என்று தலையாட்டினாள். பிறகு தூக்கிக்கொண்டு போனார்கள்.

நாத்தனார் கல்யாணம் நன்றாகவே நடந்தது. அடுத்த வருஷம் விதைக்கடலை வந்தபோது, அவள் வெறுங் கழுத்தோடு அதே இடத்தில் உட்கார்ந்தாள். அவளும் கதை கேட்கவில்லை, எனக்கும் சொல்ல வாய் வரவில்லை. மாமியார் ஒரு நாளும் குரல் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கடைசி நாள் குவியலைக் கையால் அளைந்து பார்த்துவிட்டு, "இந்த வருஷந்தான்டி வேலை ஒழுங்கா நடந்திருக்கு," என்றார்.