வீரையாவின் தப்பும் என் இஸ்திரிப் பெட்டியும்

கொடைக்கானலில் மைக்செட் தொழில் செய்கிறவனுக்குக் கோபம் வராமல் இருக்கவே முடியாது. எனக்கு 2007 மே மாதம் வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை.

வீரையா அண்ணன் கேரட் காட்டில் கூலிக்குப் போகிறவர். சிலோன் தேயிலைத் தோட்டத்தில் அவருடைய அப்பா வெள்ளனே தப்பு அடித்துத்தான் ஆட்களை வேலைக்குக் கூப்பிடுவாராம். அந்தத் தப்பு மேளத்தோடு இங்கே வந்தவர், முப்பது வருடமாகச் சாவுக்கும் சாமிக்கும் அடிக்கிறார். "மேளம் வந்துருச்சா?" என்பார்களே தவிர, வீரையா வந்தாரா என்று ஒரு ஆள் கேட்டதில்லை.

அந்தச் சீசனில் பள்ளங்கி பக்கத்து ரிசார்ட்டுக்குப் பெங்களூரிலிருந்து ஒரு டி.ஜே. வந்தான். கம்ப்யூட்டர் டான்ஸ் மியூசிக்கோடு கிராமத்து மேளத்தைச் சேர்த்து நிகழ்ச்சி நடத்துவானாம். நான்தான் வீரையா அண்ணனைக் கூட்டிப்போனேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"மைக்குல எம் பேரச் சொல்லுவீங்களா தம்பி? எம் பொஞ்சாதி ராக்கம்மா இங்கதான் சமையக்கட்டுல வேல பாக்குது. அது கேக்கணும்."

"கட்டாயம் சொல்றேன் அங்கிள்," என்றான் டி.ஜே.

செவ்வாய்க்கிழமை ஒத்திகை. அடேயப்பா, என்ன அடி! டி.ஜே. அப்படியே கம்ப்யூட்டரில் பதிந்துகொண்டான். ஆனால் இரண்டு பாட்டுக்கு ஒருமுறை அண்ணன் வெளியே ஓடுவார். பனியில் தோல் தொய்ந்துவிடும். வைக்கோல் தீயில் வாட்டினால்தான் மறுபடி விறைக்கும். வாட்டி வந்தால் கை வேகம் பிடிக்கும். மெஷின் தாளமோ மாறாது.

"ஸ்லோ, அங்கிள், ஸ்லோ!"

"அந்த டப்பாவ வெரசாப் போகச் சொல்லுங்க தம்பி!"

இரண்டு நாள் இதே ரோதனை.

வியாழக்கிழமை சாயங்காலம் நிகழ்ச்சி. டூரிஸ்ட்டுகள் வந்துவிட்டார்கள், இன்றைக்குப் புல்தரையில் தீ மூட்டவே கூடாது என்று மேனேஜர் ஒற்றைக்காலில் நின்றான். மேடையேற அரைமணி நேரம்தான். தோல் ஈரத்துணி போலக் கிடக்கிறது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்: ரூமிலிருந்த இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவந்து நானே தேய்த்தேன். "வேணாந்தம்பி, சூடு ஒரே எடத்துல எறங்கும்" என்று அவர் சொல்லச் சொல்லத் தேய்த்தேன். பட்டென்று குறுக்கே கிழிந்தது.

அவர் கிழிசலை விரலால் தடவிப் பார்த்தார்.

டி.ஜே.க்குக் கவலையே இல்லை. "நோ ப்ராப்ளம். ரெக்கார்டிங் இருக்கு. அங்கிள் சும்மா அடிக்கிற மாதிரி நிக்கட்டும்."

நின்றார், பாவம். தோலில் படாமல் குச்சிகளை வீசினார். செவ்வாய்க்கிழமை அடித்த அடி ஸ்பீக்கரில் அதிர, டூரிஸ்ட் கூட்டம் ஆடித் தீர்த்தது. டி.ஜே. மைக்கில் தன் பேரை மூன்று தரம் சொன்னான். ரிசார்ட் பேரைச் சொன்னான். "வில்லேஜ் டிரம்ஸ்!" என்றான். அவ்வளவுதான். அவன் மைக் மக்கர் பண்ணினால் கொடுப்பதற்கென்று வைத்திருந்த இன்னொரு மைக்கைப் பிடித்தபடி, ஸ்பீக்கருக்குப் பின்னால் நின்று அவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்த ராக்கம்மா அக்கா, முடிந்ததும் புருஷனிடம் வந்தார்.

"ஒங்க கை தோலுல படவே இல்லியே. யாரு அடிச்சா?"

"நாந்தான். செவ்வாக்கெழம அடிச்சது."

அக்காவுக்கு விளங்கவில்லை.

வயர் சுருட்டும்போதும் என் பொருமல் அடங்கவில்லை. "ஒரு பேருண்ணே! சொன்னா அவன் வாயில இருந்து முத்தா உதுந்துரும்?"

அண்ணன் கிழிந்த தப்பைத் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"ஒங்க கையிலயும் ஒரு மைக்கு இருந்துச்சே தம்பி?"