தையல்காரருக்கு மட்டும்

பெரம்பலூரில் நான் ரவிக்கை தைத்து ஆன்லைனில் விற்கிறேன். சாதாரண ரவிக்கை தைக்கத் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். மார்பில் ஆபரேஷன் ஆனவர்களுக்குத் தைத்துக் கொடுக்கத்தான் ஆளில்லை. அளவு டேப்போடு நிற்கிற ஆளிடம் ஒரு பெண் அதை எப்படி வாய்விட்டுச் சொல்வாள்? அதனால் என் ஆன்லைன் கடைப் பக்கத்தில் தனியாக ஒரு கட்டம் போடச் சொல்லியிருந்தேன். 'தையல்காரருக்கு மட்டும்' என்று அதற்குப் பெயர். இதில் எழுதுவதை என்னைத் தவிர யாரும் பார்க்க மாட்டார்கள் என்று கீழேயே வாக்குக் கொடுத்திருந்தேன்.

சாஃப்ட்வேரை அப்டேட் செய்யாவிட்டால் இனி ஆன்லைனில் பணம் வாங்க முடியாது என்று மெயில் மேல் மெயில் வந்தது. கடையை உருவாக்கித் தந்த திருச்சித் தம்பி ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினான். "பக்காவா இருக்குக்கா, நிம்மதியா தூங்குங்க" என்றான். நானும் தூங்கினேன், புத்தி கெட்டவள்.

திங்கட்கிழமை பார்சல்கள் போயின. மறுநாள் காலை அடுத்த பார்சலுக்கு முகவரிச் சீட்டை ஒட்டும்போதுதான் கவனித்தேன். முகவரிக்குக் கீழே, 'கை கொஞ்சம் லூசாக இருக்கட்டும்'. ரகசியக் கட்டத்தில் எழுதியது சீட்டில் வந்து உட்கார்ந்திருந்தது. முதல் நாள் போன ஆர்டர்களைப் பதறிப்போய்க் கம்ப்யூட்டரில் தேடினேன். கழுத்து, கை, கொக்கி என்று எல்லாம் சாதாரணக் குறிப்புகள். அரியலூருக்குப் போனதில் மட்டும் இப்படி இருந்தது:

'இடது மார்பை எடுத்துவிட்டார்கள். அதற்கேற்பத் தைக்கவும். சென்னையில் இருந்தபோது நடந்தது. இப்போது மாமியார் வீட்டில் இருக்கிறோம், அவர்களுக்குத் தெரியாது.'

ஆர்டரில் இருந்தது அவள் கணவரின் பெயரும் நம்பரும். கூப்பிட்டால் ஸ்விட்ச் ஆஃப்.

அரியலூர் பஸ்ஸில் ஏறினேன். முன்னால் லாரிகள் வரிசை கட்டி ஊர்ந்தன. திருச்சித் தம்பியைப் போனில் பிடித்தேன்.

"சாரிக்கா, இப்பவே சரி பண்ணிடறேன்."

"ஒட்டி அனுப்புன சீட்ட எப்புடிடா சரி பண்ணுவ?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. வெட்கத்தை விட்டு அழுதேன். என்னை நம்பி ஒரு பெண் எழுதியதை அவள் வீட்டு வாசலுக்கே நான் அனுப்பி வைத்திருக்கிறேன்.

கூரியர் ஆபீசில், "டெலிவரிக்குப் போயிடுச்சுங்களே, இந்நேரம் குடுத்திருப்பாங்க" என்றார்கள். ஆட்டோ பிடித்தேன்.

கேட்டைத் திறந்தவருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. மாமியார்தான், சந்தேகமில்லை. வழியெல்லாம் சேர்த்து வைத்த பொய்யை ஒரே மூச்சில் சொன்னேன்.

"துணிக்கடையிலேர்ந்து வரேங்கம்மா. பார்சல் மாறி வந்துடுச்சு. அது வேற யாருக்கோ உள்ளது. பிரிக்காம குடுத்துடுங்க."

அவர் என் முகத்தையே பார்த்தார். உள்ளே போனார். பீரோவைச் சாவி போட்டுத் திறக்கும் சத்தம் கேட்டது. வந்த பார்சலை மேசையில் போடாமல் பீரோவில் வைத்துப் பூட்டுவானேன்?

பார்சலைக் கொண்டுவந்து என் பையில் அவரே திணித்தார்.

"மருமவ புள்ளய கூப்புட ஸ்கூலுக்குப் போயிருக்கா. அவ வரதுக்குள்ள கௌம்பிடுங்க. வேற சீட்டு ஒட்டி அனுப்புங்க. நான் படிச்சது அவளுக்குத் தெரிய வேணாம்."

தலையை ஆட்டினேன். ஆட்டோ வரை கூடவே வந்தார். நான் ஏறி உட்கார்ந்த பிறகு, குனிந்து, டிரைவருக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"தழும்பு மேல தையலு உறுத்தாதுல்லம்மா?"