தமிழில் சொன்ன பொய்

நெய்யாற்றின்கரையில் முப்பது வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் நான். எவன் வாய் திறந்தாலும் பொய்யைப் பிடித்துவிடுவேன் என்று பீற்றிக்கொள்வேன். எங்கள் எல்லைப்பக்கத்து ஆட்களுக்கு வீட்டிலும் சண்டையிலும் தமிழ், ஆபீசில் மலையாளம். சாட்சி சொல்ல வருபவன் வக்கீலிடம் தமிழில் சொல்லிக்கொண்டே வந்து, திடீரென்று "ஞான் கண்டதா சாரே" என்று மலையாளத்துக்குத் தாவினால் பொய் அந்த இடத்தில்தான் இருக்கும். மற்றதெல்லாம் நிஜமாக இருக்கும். இதைச் சோறு தின்னும்போதெல்லாம் மனைவியிடம் அளந்திருக்கிறேன். மடையன் நான்.

எனக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து ஒரு மாதம் இருக்கும். அவள் வயிற்றுவலி என்று தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாள்.

"டாக்டர் என்னட்டி சொன்னாரு?"

"ஸ்கேன் எடுத்தாங்க. வாயு ஆக்கும்ணு சொன்னாரு. குளிகை தந்திருக்கு. பஸ்ஸில என்னா கூட்டம்! காரக்கோணம் வரை ஒத்தக் காலில நின்னாக்கும் வந்தேன்."

ஒரு சொல் மலையாளம் இல்லை. ஸ்கேன் எடுத்தது நிஜம். மாத்திரை கையில் இருந்தது. பஸ் கூட்டமும் நிஜம்தான். "மரச்சீனிக் கிழங்கு தின்னுகத கொற" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டேன்.

ஐந்து மாதம் கழித்து அவள் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, இன்ஷூரன்ஸ் அட்டை எடுக்க வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தேன். சேலைக்கு அடியில் அந்த ஸ்கேன் ரிப்போர்ட். கணையத்தில் புற்றுநோய். உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று எழுதிய சீட்டும் கூடவே இருந்தது. இனி செய்து பலனில்லை, பரவிவிட்டது என்றார் டாக்டர்.

"எதுக்குட்டி மறச்ச?" என்று கட்டிலருகே நின்று கத்தினேன். பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும்.

"ஒங்க நெஞ்சு தாங்காதுண்ணு நெனச்சேன். நீங்க கொஞ்சம் தேறினபெறவு சொல்லலாம்ணு இருந்தேன். நாளு போயிட்டு."

நாசமாய்ப் போன நெஞ்சு! அவள் உயிரைத் தின்றுவிட்டு இன்றும் ஒழுங்காக அடித்துக்கொண்டிருக்கிறது.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்: "எம்மேல கோவம் உண்டா?"

"இல்ல."

"பொய்யாக்கும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பன்னிரண்டாம் நாள் போய்விட்டாள்.

உண்டுட்டி. கோவம் இப்பவும் உண்டு.