சனிக்கிழமைதோறும் அணைந்த எஞ்சின்

என் மனைவியின் அண்ணனை, அவருடைய பட்டறையிலேயே வைத்து, வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்கக் கொலைகாரன் என்று சொன்னேன். குடித்துவிட்டுச் சொல்லவில்லை. இரண்டு வாரம் மனதுக்குள் ஊறப்போட்டுத் தெளிவாகத்தான் சொன்னேன்.

அவருக்கும் எனக்கும் தொடக்கத்திலிருந்தே ஆகாது. கோவக்காரனுக்குத் தங்கச்சியைக் கொடுக்க மாட்டேன் என்று எங்கள் கல்யாணத்தைத் தடுக்கப் பார்த்தவர். கல்யாணம் முடிந்த பிறகு மரியாதைக்குக் குறைவில்லாமல் 'மாப்பிள்ள' என்று கூப்பிட ஆரம்பித்தார். அந்த மரியாதையே எனக்கு எரிச்சலாக இருந்தது. ஜாலான் புசாரில் ஒரு சந்துக்குள் மோட்டார்சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறார். மச்சான் மெக்கானிக்காக வாய்த்துவிட்டால் வேறு யாரிடமும் வண்டியை விட முடியாது. நாமே ஒரு திருகைத் தொட்டாலும் 'யாரு கை வச்சது?' என்று முகத்தைச் சுளிப்பார். அதனால் என் வண்டியை நான் ஓட்டுவேன், கழுவுவேன், பெட்ரோல் போடுவேன். அதோடு சரி.

அப்போது எங்கள் மகளுக்கு ஒரு வயது நிறையப்போகிற சமயம். காது குத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்திருந்தோம். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். என் மனைவிக்கு அப்பா அம்மா இல்லை, பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள அந்த ஒரு அண்ணன்தான். கல்யாணத்துக்கு மனமில்லாமல் வந்து ஓரமாக நின்ற அண்ணன், இந்த முறை நடுக்கூடத்தில் உட்காரப்போகிறார் என்பதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். பட்டுவேட்டி வாங்கி வைத்துவிட்டாள். நாள் நெருங்கிக்கொண்டிருந்தபோதுதான் வண்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது.

ஓடும்போது ஒரு குறையும் இல்லை. வேகத்தைக் குறைக்க ஆக்சிலேட்டரை விட்டால் போதும், எஞ்சின் அணைந்துவிடும். முதல் தடவை சிராங்கூன் ரோட்டில், சிவப்பு விளக்கை நெருங்கும்போது அணைந்தது. சனிக்கிழமை காலைக் கூட்டம். பின்னால் டாக்ஸிக்காரன் ஹார்னில் கை வைத்தவன் எடுக்கவே இல்லை. அவனைத் திரும்பிப் பார்த்துத் திட்டிவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டே பட்டறைக்குப் போனேன்.

மச்சான் குனிந்து பார்த்தார். கால் மணி நேரத்தில் எழுந்தார்.

"ஐட்லிங் எறங்கியிருக்கு மாப்பிள்ள. ஏத்தி வச்சிட்டேன். ஓட்டிப் பாருங்க."

ஓட்டினேன். ஞாயிறு, திங்கள், வெள்ளி வரைக்கும் வண்டி சொன்னபடி கேட்டது. அடுத்த சனிக்கிழமை புக்கிட் மேராவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கார் பார்க்கை விட்டு இறங்குகிற சரிவிலேயே அணைந்தது. மறுபடியும் பட்டறைக்குப் போனேன். மறுபடியும் கால் மணி நேரம்.

"எறங்கிருச்சு மாப்பிள்ள."

"ஏன் எறங்குது? அதச் சொல்லுங்க."

"பழைய வண்டி லா. அதிர்ச்சியில திருகு கழண்டு வரும்."

அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரில் மாட்டியிருந்த சங்கிலிகளைப் பார்த்தார். நான் அதைக் கவனித்து வைத்துக்கொண்டேன். எனக்குப் பிடிக்காதவர்கள் எங்கே பார்க்கிறார்கள் என்பதைக் கவனிப்பதில் நான் கெட்டிக்காரன்.

நான் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். பதினேழு வருடமாக அதே வேலை. தேய்ந்துபோன பாகம் கண்ட நேரத்தில் தகராறு செய்யும், அதற்குக் கிழமை தெரியாது. ஒரு கோளாறு நாள் பார்த்து வந்தால் அதன் பின்னால் ஒரு மனிதன் இருக்கிறான் என்று புதிதாக வருகிற பையன்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். என் வண்டி சனிக்கிழமை தவறாமல் நின்றது. அந்த மனிதன் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு வாரம் தாங்குகிற மாதிரி வேலை செய்து, என்னைத் தன் வாசலில் வந்து நிற்கவைத்து அழகு பார்க்கிறார் என்று முடிவு செய்தேன்.

மூன்றாவது சனிக்கிழமை விரைவுச்சாலையிலிருந்து இறங்குகிற வளைவில் வேகத்தைக் குறைத்தேன். எஞ்சின் அணைந்தது, பின்சக்கரம் இழுத்தது, எனக்குப் பின்னால் வந்த லாரியின் பிரேக் சத்தம் முதுகில் கேட்டது. லாரி எவ்வளவு பக்கத்தில் வந்து நின்றது என்றால், அதன் எஞ்சின் சூடு என் கழுத்தில் பட்டது. பயந்துவிட்டேன் என்பதைச் சொல்ல இப்போது வெட்கமில்லை. அன்றைக்கு வெட்கமாக இருந்தது, அதனால் கோபமாக மாற்றிக்கொண்டேன்.

பட்டறையில் இரண்டு பேர் தங்கள் வண்டிக்காகக் காத்திருந்தார்கள். இருவரும் தமிழர்கள், இருவருக்கும் எங்கள் குடும்பத்தைத் தெரியும். அதுவும் நல்லதுதான் என்று நினைத்தேன்.

"உன் தங்கச்சிய திரும்பக் கூட்டிட்டுப் போகணும்னா கேட்டுக் கூட்டிட்டுப் போ. என்னை ரோட்டுல சாவடிச்சுத்தான் கூட்டிட்டுப் போகணுமா? கொலகாரன் லா நீ."

அதுவரைக்கும் அவரை நான் ஒருமையில் பேசியதில்லை. கையிலிருந்த ஸ்பேனரை அவர் மெதுவாக மேசையில் வைத்தார். காத்திருந்த இருவரையும் ஒரு தடவை பார்த்தார்.

"வண்டிய எடுத்துட்டுப் போங்க மாப்பிள்ள."

அவ்வளவுதான். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு கிளம்பினேன்.

திங்கட்கிழமை குவீன்ஸ்டவுன் பக்கம் ஒரு சீனர் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். வழியெல்லாம் சிவப்பு விளக்குகளில் ஆக்சிலேட்டரை விடாமல் முறுக்கிக்கொண்டே போனேன். அவர் டேங்குக்கு அடியில் டார்ச் அடித்தார். ஒரே நிமிடம். 'இதை யார் கட்டினது?' என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

கார்புரேட்டருக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் குமிழ். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் அணையாமல் மெதுவாக ஓடுவதற்கான அளவை வைக்கிற திருகு அது. அதன் கழுத்தில் கறுப்புக் கயிறு, நெருக்கமாக ஒன்பது சுற்று. முடிச்சில் மஞ்சள். அந்த இடுக்கில் விரலை விட்டுக் கயிற்றைச் சுற்ற முடியாது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு குமிழைத் திருகினால் சுற்றிக்கொள்ளும். அவர் கயிற்றை அவிழ்த்து, திருகை உள்ளே ஏற்றி எஞ்சினை ஓடவிட்டு, மறுபடி சுற்றிக் காட்டினார். ஒவ்வொரு சுற்றுக்கும் திருகு வெளியே வந்தது, எஞ்சின் சத்தம் இறங்கி, கடைசியில் அணைந்தது.

வீட்டில் என் மனைவி மறைக்கவில்லை.

"ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வெளக்கேத்திட்டு, நீங்க குளிக்கிறப்ப கீழ போய், உங்களுக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு புதுக் கயிறு கட்டுவேன். ஹேண்டில்ல கட்டினத நீங்கதானே அறுத்துப் போட்டீங்க? என் வண்டி என்ன கோயில் தேரான்னு கத்துனீங்க. அதான் தெரியாத எடமா பாத்துக் கட்டினேன்."

அறுத்தது உண்மை. கத்தியதும் உண்மை.

"உங்க அண்ணனுக்குத் தெரியுமா?"

"மொத நாளே பாத்துருச்சு. எனக்கு போன் பண்ணுச்சு. உங்ககிட்ட சொல்லாதன்னு நான்தான் கெஞ்சினேன். திருகாம கட்டுன்னு சொல்லுச்சு. திருகாம எப்படிங்க கட்டுறது? ஒம்போது சுத்துல ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்."

அவள் இன்னும் பட்டறையில் நடந்ததைக் கேள்விப்பட்டிருக்கவில்லை. அண்ணன் சொல்லவில்லை. நான் சொன்னேன். சொல்லி முடிக்கும் வரை கேட்டாள். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் பட்டறைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாததால் வாசலில் வெகுநேரம் நின்றேன்.

"தெரியாமப் பேசிட்டேன் மச்சான்."

"வண்டிய உள்ள விடுங்க, பாக்குறேன்."

"வண்டி சரியாயிருச்சு. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குக் காதுகுத்து. நீங்க வரணும்."

அவர் கைகளைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வண்டி எப்ப மக்கர் பண்ணாலும் கொண்டாங்க மாப்பிள்ள. செஞ்சு தர்றேன். வீட்டுக்கு வர மாட்டேன். புள்ளய மடியில வச்சிருக்கறப்ப அத்தன பேரும் என் மூஞ்சியத்தான் பாப்பாங்க. நீங்க சொன்னது ஊரு பூரா தெரியும்."

"அதான் மன்னிப்பு கேட்டேன்ல?"

"எங்கிட்ட மட்டும் கேட்டீங்க."

அப்போதும் எனக்குக் கோபம்தான் வந்தது. இறங்கி வந்த மனிதனிடம் இவ்வளவு பிகு என்ன வேண்டிக்கிடக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டேதான் வண்டியைக் கிளப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறைய ஆட்கள். என் அண்ணன் மடியில் உட்காரவைக்கலாம் என்றேன். என் மனைவி கேட்டுக்கொள்ளவில்லை. குழந்தையைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தாள். ஆசாரி ஊசியைக் கையில் எடுத்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தார்.

"தாய்மாமன் எங்கம்மா?"

அவள் நிமிரவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பட்டறையில் அன்று காத்திருந்த இருவரில் ஒருவர் ஜன்னலோரமாக நின்றிருந்தார்.

"அவருக்கு அவசர வேலை, வர முடியல" என்றேன்.

"இல்ல" என்றாள் என் மனைவி. அவள் குரல் உயரவே இல்லை. "நடந்தத நடந்தபடி சொல்லுங்க. அப்பதான் நான் புள்ள தலையப் புடிப்பேன்."

ஆசாரி ஊசியைத் தாழ்த்திக்கொண்டார். ஐந்து வருடத்தில் அவள் என்னை நாலு பேர் முன்னால் எதிர்த்துப் பேசியதில்லை. எனக்குக் காது வரை சூடேறியது. வழக்கமாக அந்த இடத்தில் வாயைத் திறந்து கத்திவிடுவேன். அவள் காத்திருந்தாள். குழந்தை அவள் சேலை நுனியைச் சப்பிக்கொண்டிருந்தது.

நான் சொன்னேன். கயிற்றை அறுத்ததைச் சொன்னேன், லாரியைச் சொன்னேன், பட்டறையில் சொன்ன வார்த்தையை அப்படியே சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் அவள் குழந்தையின் தலையை இரண்டு கையாலும் பிடித்தாள்.