பஹ்மிதா தின்ற ஐஸ்

பாலமுனையில் எங்கள் பக்கத்து வளவு பஹ்மிதாவுக்கு, வயிற்றில் பிள்ளை தங்கிய நாளிலிருந்து ஐஸ் தின்னும் ஆசை. மீன் பெட்டிக்குப் போடும் ஐஸ்தான். மீன் வியாபாரம் செய்யும் அவள் புருஷன் றிஸ்கான், ஐஸ் பெக்டரியிலிருந்து வரும்போது ஒரு துண்டைப் பையில் கட்டிக்கொண்டு வருவான். இவள் நறுக் நறுக்கென்று கடிப்பாள்.

"பல்லுப் போயிரும்டி" என்று ஏசினால், "வாய் கேக்குதே ராத்தா" என்பாள். இரத்தம் குறைந்தவர்களுக்கு அப்படி ஆசை வருமாம். டொக்டர் அதைச் சொன்னபோது எல்லாம் முடிந்திருந்தது.

பிள்ளை நிறை குறைவாகப் பிறந்தது. கையும் காலும் நடுங்கின. ஆஸ்பத்திரியில் தாதி, "ஐஸ் பாவிக்கிறீங்களா?" என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற எனக்கே அந்தக் கேள்வியின் விபரீதம் உறைக்கவில்லை. பஹ்மிதா வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

"ஓம் மிஸ். ஒவ்வொரு நாளும். அவர்தான் கொண்டு வந்து தாற."

ஊர்ப் பொடியன்மாரை நாசமாக்கும் அந்தப் போதைக்கும் ஐஸ் என்றுதானே பெயர்! படுபாவிகளுக்கு வேறு பெயரா கிடைக்கவில்லை? பிள்ளையை வேறு அறைக்குக் கொண்டுபோனார்கள். அதன் உடம்பில் போதை இருக்கிறதா என்று பார்க்கச் சிறுநீரை எடுத்து அனுப்பினார்கள். முடிவு வரும்வரை தாய்ப்பால் கொடுக்கக்கூடாதாம்.

"மீன் ஐஸ் மிஸ், மீன் ஐஸ்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். யார் கேட்டார்கள்? பால் கட்டி நெஞ்சு கல்லாகிவிட்டது. அங்கே பிள்ளை அழ, இங்கே இவள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகை என் எதிரிக்கும் வேண்டாம்.

முடிவு வந்தது. பிள்ளையிடம் ஒன்றுமில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று அதை வாங்கி அவள் மடியில் வைத்தேன்.

ஆனால் "அவர்தான் கொண்டு வந்து தாற" என்ற சொல்லை வைத்துப் பொலிஸ் றிஸ்கானைப் பிடித்திருந்தது. அவனுடைய சிறுநீரையும் சோதித்தார்கள். அதில் இருந்தது.

நாங்கள் வீட்டுக்கு வந்து இறங்கியதும் அவன் உம்மா சரீபா ஓடிவந்தாள். "என்ட மகனக் காட்டிக் குடுத்திட்டியேடி!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"அவர்ல ஒரு பிழையும் இல்ல மாமி. நான்தான் ஐஸ் திண்ட. வாங்க, பொலிசுக்குப் போய்ச் சொல்லுவம்" என்று பிள்ளையோடு எழும்பினாள் பஹ்மிதா. இன்னும் அவனை நம்பிக்கொண்டிருக்கிறாளே!

சரீபா அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள்.

"எங்க போற? அவன் கலியாணத்துக்கு முந்தியே பாவிச்சவன்டி. உன்னக் கட்டி வெச்சாத் திருந்துவான் எண்டு நெனச்சன்."